தீவகத்துக் காரொன்றின் வானொலி

இலக்கியத் தொடரில் பேச அழைத்தால், பழைய மோட்டார்க் கார் ஒன்றையும் அதில் பூட்டியிருந்த வானொலிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையாகக் கேளுங்கள். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர்களின் மரபில் வந்தவர்கள் நாம். பழையதொன்றைப் பழுது பார்க்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. அந்தக் கேள்வி எனக்கு ஒரு கார் வானொலியின் உருவில் வந்தது.

2018ஆம் ஆண்டில் வேலணையில் என் பெறாமகன் தன் அப்பப்பாவின் காரைத் திருத்தத் தொடங்கினான். அவனுடைய அப்பப்பா என்றால் எனக்குப் பெரியப்பா. வேலணையிலிருந்து ஹயர் ஓடியவர். கார், ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற். எங்கள் பக்கத்தில் ‘ஏ போட்டி’ என்றால்தான் தெரியும். கூரை இறங்கிப்போன கொட்டிலுக்குள் சக்கரமும் இல்லாமல் கிடந்த அந்தக் கூட்டை அவன் பாடுபட்டு எழுப்பினான். யாழ்ப்பாணத்தில் இப்போது மாப்பிள்ளை பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகப் பழைய கார்களுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது அல்லவா? அவனும் அதைத்தான் மனதில் வைத்திருந்தான். இயந்திரம் ஓடிற்று, வர்ணம் பளபளத்தது. முன்பலகையின் நடுவில் மட்டும் ஓர் ஓட்டை திறந்துகிடந்தது. அப்போதுதான் பெரியம்மா அறைக்குள் போய் ஒரு சீமெந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் இருந்தது அந்த ஓட்டைக்குரிய வானொலி.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சொமர்செற் 1952 முதல் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் உற்பத்தியான கார். 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 12 வோல்ற் மின்சாரம். 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் இணைந்து பிரிற்றிஷ் மோட்டார் கோப்பரேசன் ஆகின. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும்தான் யாழ்ப்பாணத்துத் தெருக்களை நிறைத்தன. ஏ 40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், பின்னர் கேம்பிறிட்ஜ் எல்லாம் அவ்வழி வந்தவையே. இவை ஏன் எங்கள் மண்ணில் இவ்வளவு காலம் நிலைத்தன என்பதற்கு அன்பு மட்டும் காரணமன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதுக் கார் வாங்க வழியில்லை. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடவேண்டியிருந்தது. பின்னர் 1990களில் பெற்றோல் கிடைக்காத காலம் வந்தபோது இந்தக் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் என்பதால் அது இயன்றது. சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் நவீன இயந்திரம் அதற்குச் சம்மதிக்காது. குறைவாக எதிர்பார்க்கும் பொருள்தான் கெட்ட காலத்தில் கைகொடுக்கும் என்பதற்கு ஏ 40 ஒரு சாட்சி.

பெரியப்பாவின் காருக்கு ஆங்கில எழுத்தில் இலக்கத் தகடு. 1957இல் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியதும், 1958இல் இரு பக்கமும் தார் வாளியும் தூரிகையும் தெருவுக்கு வந்ததும், அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்ததும் வரலாறு. அதற்கு முன்னர் பதிவான கார் என்பதால் பெரியப்பாவின் தகட்டில் அந்தத் தகராறு ஏறவில்லை. ஆனால் அந்தத் தகராறு பிற்பாடு அவரை வேறு வழியில் தேடி வந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி வானொலிக்கு வருவோம். காரில் வானொலி என்ற எண்ணம் 1930இல் அமெரிக்காவில் வியாபாரமாயிற்று. கல்வின் சகோதரர்கள் ஓடும் காருக்கென ஒரு பெட்டி செய்து, மோட்டாரையும் ஒலியையும் சேர்த்து ‘மோட்டோறோலா’ என்று பெயரிட்டார்கள். 1932இல் ஜேர்மனியின் புளோபுங்ற் ஐரோப்பாவின் முதலாவது கார் வானொலியை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் றேடியோமொபைல், எக்கோ முதலிய பெயர்கள் புழக்கத்துக்கு வந்தன. ஆயினும் அந்நாளைய பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு வானொலி விருப்பத்துக்குரிய சேர்க்கையே. தொழிற்சாலை அதற்கு ஓர் இடத்தை ஒதுக்கி, தகட்டால் மூடி அனுப்பும். காசுள்ளவர் அத்தகட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டிக்கொள்வார். ஆகவே, ‘தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் வானொலி’ என்று நாம் இன்று தேடிப் போவது பல கார்களில் ஒரு மூடிய தகடாகத்தான் இருக்கும். இந்த உண்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தால் போதாது, கேட்பதற்கு ஓர் ஒலிபரப்பு வேண்டும். இலங்கையில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆந் திகதி தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வேட் ஹாப்பர் அதற்கு முன்னோடி. முதற்போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவர் தம் பரிசோதனையை நடத்தினார் என்று ஒலிபரப்பு வரலாறு கூறும். கழித்துப்போட்ட பொருளிலிருந்து பிறந்த வானொலி எங்களுடையது. 1949இல் இலங்கை வானொலி என்ற பெயரும், 1950இல் வர்த்தக சேவையும் வந்தன. 1967இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. பாக்கு நீரிணைக்கு இருபுறமும் அந்தக் குரல்களுக்கு இருந்த மதிப்பை இங்கே நான் விரிக்க வேண்டியதில்லை. எஸ்.பி. மயில்வாகனம் என்ற பெயரைத் தமிழகத்தின் தேநீர்க் கடைகளும் அறிந்திருந்தன.

தீவகத்துக்கு இதில் தனிப்பட்ட ஒரு பங்கு உண்டு. ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பன் என்ற சிற்றூர் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். சோ. சிவபாதசுந்தரம் அவர்களும் அவ்வூரினரே. 1912இல் பிறந்த அவர் ஈழகேசரியின் ஆசிரியராயிருந்து, பின் இலங்கை வானொலியிலும் இலண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றினார். 1941இற் செய்தி மடலாகத் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் அவர். ‘ஒலிபரப்புக் கலை’ என்ற அவருடைய நூல் இத்துறையில் தமிழில் எழுந்த முன்னோடி நூல். கரம்பனிலிருந்து புறப்பட்ட ஒருவர் வைத்த பெயர் இலண்டனிலிருந்து புறப்பட்டு, மீண்டும் கரம்பன் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்ததை நினைத்தால் மனம் நிறையும். அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆந் திகதியுடன் நின்றுவிட்டது.

இன்னொரு பங்கு கடலினுடையது. மத்திய அலை நிலத்தைத் தடவிக்கொண்டு பரவும் இயல்புடையது. வறண்ட நிலம் அதனை விரைவில் விழுங்கிவிடும். உப்பு நீரோ மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆகவே கடலின் மேல் அந்த அலை சோர்வின்றி நெடுந்தூரம் செல்லும். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பக்கத்து வீட்டுக் குரல்போல் ஒலித்ததற்கு இதுவே காரணம். பெரியப்பா ஒரு நாளும் இந்த விளக்கத்தைப் படித்தவரல்லர். ஆனால் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் திருச்சி தெளியும், பட்டணத்துக்குள் நுழைந்ததும் மங்கும் என்று அவருக்குத் தெரியும். இருபுறமும் கடலாயிருந்த அந்தப் பாதையில் அவர் காரை மெதுவாகவே விடுவார்.

அந்த வானொலி பாட்டுக்காக மட்டும் பூட்டப்பட்டதன்று. தீவக மக்களின் பிழைப்பு எங்கே இருந்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் தென்னிலங்கைப் பட்டணங்களிலெல்லாம் கடை வைத்திருந்தார்கள். ஊரில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கொழும்புக்கும் காலிக்கும் பதுளைக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்ல வானொலியின் மரண அறிவித்தலைத் தவிர வேறு வழியில்லை. தெற்கே ஒருவர் இறந்தால் ஊருக்கும் அப்படியே. காலமானவரின் பெயர், ஊர், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று நீளும் அந்த வாசிப்பை எங்கள் உறவு முறையின் அகராதி எனலாம். அதை வெறுமனே கேட்க முடியாது. பெயர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும்.

ஹயர்க் காரருக்கு அது தொழிலோடும் சேர்ந்தது. நெடுந்தீவார் ஒருவரின் பெயர் வாசிக்கப்பட்டால், அன்றிரவே குறிகட்டுவான் துறைக்கு ஓட்டம் இருக்கும். பட்டணத்திலிருக்கும் உறவினரை ஏற்றி, வேலணை கடந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் இறங்கி, விடியற்காலைப் படகுக்கு முன் துறையிற் சேர்க்கவேண்டும். சில வேளைகளில், காருக்குள் இருக்கும்போதே பின் ஆசனத்தில் இருப்பவருடைய வீட்டுச் சாவை அந்தப் பெட்டி வாசித்ததுமுண்டு. அப்போது பெரியப்பா காரைத் தெருவோரம் நிறுத்தி, இறங்கி நின்று, அழுது முடிக்கும்வரை காத்திருப்பாராம். காத்திருப்புக்குக் கூலி வாங்கமாட்டார்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. யப்பானியக் கசெற் பெட்டிகள் வெள்ளமாய் வந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறு கசெற் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கைகள்வரை வந்துவிட்டது. காரில் இரண்டு பக்கமும் ஒலிக்கும் ஸ்ரீறியோ என்றால் அது பெருமை. பழைய வானொலியோ ஒரே ஒலிபெருக்கி கொண்டது. ஹயர்க் காரர் பலர் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்பலகையை அரத்தால் அராவி, புதிய பெட்டியைப் புகுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இளந்தாரிகள் பாட்டுப் போடும் காரைத்தான் கூலிக்குப் பிடித்தார்கள். பெரியப்பா மாற்றவில்லை. கசெற் மரண அறிவித்தல் வாசிக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் இருந்தமையால் பண்ணை வழியாகப் பட்டணத்துக்குப் போக முடியாது. சனம் வள்ளமேறி அராலிப் பக்கம் கரை சேர்ந்தது. வள்ளத்தில் காரை ஏற்ற முடியுமா? பெரியப்பா வீட்டுக்குள் போகாமல் கொட்டிலுக்குள் போய், முன்பலகையைக் கழற்றி, வானொலியை வெளியே எடுத்தார். பெட்டியின் கனம் காரணமாக வேறொன்றை விடவேண்டியிருந்தது. விட்டது பெரியம்மாவின் கைத் தையல் இயந்திரத்தை. இதைப் பெரியம்மா பல ஆண்டுகள் சொல்லிக் குறைப்பட்டார். தையல் இயந்திரம் இருந்திருந்தால் அகதி வாழ்வில் நாலு காசு தேடியிருக்கலாம் என்பது அவருடைய நியாயம். அது நியாயந்தான்.

அதன்பின் வந்தது இருள். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றறி தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. செய்தி கேட்பதற்கு மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் சிறிய திறான்சிஸ்ரர் வானொலிகளை இயக்கினார்கள். ஒருவர் சுழற்ற, ஒருவர் முள்ளைத் திருக, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். அக்காலத்தை அனுபவித்த எவரும் அந்த டைனமோவின் இரைச்சலை மறக்கமாட்டார்.

பெரியப்பாவின் பெட்டி அதற்கும் உதவவில்லை. அது வால்வு வானொலி. வால்வுகளைச் சூடேற்றவும் உயர் அழுத்தம் உண்டாக்கவும் 12 வோல்ற்றில் 4 அம்பியர் அளவில் மின்சாரம் கேட்கும், அதாவது ஏறக்குறைய 50 வாற். துவிச்சக்கர வண்டியின் டைனமோ தருவது 3 வாற். பதினாறு வண்டிகளைச் சேர்த்துச் சுழற்றினால்தான் அது கண் விழிக்கும். ஆகவே சாக்குக்குள் கிடந்தது. கொக்குவிலிலும், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது மீசாலை வரைக்கும், அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோதும் அது சாக்குக்குள்தான். உபயோகமான திறான்சிஸ்ரர்கள் ஓடி ஓடித் தேய்ந்து, பாகங்களாகக் கழற்றப்பட்டு அழிந்தன. உபயோகமில்லாத இந்தப் பெட்டி முழுமையாய்த் தப்பியது. வரலாற்றிற் பல பொருட்கள் இவ்வாறுதான் எஞ்சுகின்றன. நமக்குக் கிடைப்பவை எல்லாம் போற்றிக் காக்கப்பட்டவை என்று எண்ணிவிடக்கூடாது.

பெரியப்பா 1998இல் காலமானார். அவருடைய மரண அறிவித்தலும் வானொலியிற்றான் போயிற்று. கேட்டவர்கள் கேட்டார்கள். சாக்குக்குள் இருந்த பெட்டி மட்டும் கேட்கவில்லை.

இப்போது 2018க்குத் திரும்புவோம். பெட்டியைக் கண்டதும் பெறாமகன் மகிழ்ந்தான். ஆனால் அவனுடைய திட்டம் வேறு. “சித்தப்பா, உள்ளுக்கு இருக்கிற பழசெல்லாத்தையும் கழட்டிப்போட்டு, முகத்தை மட்டும் வைச்சுக்கொண்டு, புளூரூத் ஒண்டைப் பூட்டுவம். பார்க்கப் பழசு, கேட்கப் புதுசு” என்றான். வெளிநாடுகளிலும் இது இப்போது பெருவழக்கு. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலியாண வீட்டுக்காரர் இரைச்சலைக் கேட்கக் காசு தரமாட்டார்கள். மத்திய அலையில் பேசிய நிலையங்கள் பல பண்பலைக்குப் போய்விட்டன. பெட்டி உயிர்பெற்றாலும் அதில் எதைக் கேட்பது? நான் அவனிடம் ஒன்றை மட்டும் கேட்டேன். உடைக்குமுன் ஒரு முறை உயிர்ப்பித்துப் பார்ப்போம் என்றேன். சம்மதித்தான்.

பட்டணத்தில் வால்வு வானொலி தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் கேட்ட முதற் கேள்வி, பற்றறியின் எந்த முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது என்பதுதான். அக்காலப் பிரித்தானியக் கார்களில் நேர்முனையையே உடம்போடு சேர்ப்பார்கள். பின்னர் 1960களில் அது எதிர்முனையாக மாறிற்று. பெறாமகன் காரைப் புதிய முறைக்கு மாற்றியிருந்தான். திறான்சிஸ்ரர் வானொலியாயின் முனை மாறினால் ஒரு கணத்தில் எரிந்துவிடும். வால்வு வானொலிகளிலும் ஒருவகைக்கு ஆபத்துண்டு. எங்கள் பெட்டி அவ்வகையன்று என்று திறந்து பார்த்த பின்னரே அவர் மூச்சுவிட்டார்.

அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழுது பார்க்க நினைப்போருக்குப் பயன்படலாம். வால்வுக்கு 200 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். காரில் இருப்பதோ 12 வோல்ற் நேரோட்டம். அதை நேரடியாக உயர்த்த முடியாது. ஆகவே வைபிறேற்றர் என்ற சிறு கருவி, செக்கனுக்கு நூறு முறையளவில் துடித்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். அவ்வாறு துண்டுபட்ட ஓட்டத்தை மின்மாற்றி உயர்த்தும். பழைய கார் வானொலியைப் போட்டதும் எழும் மெல்லிய ரீங்காரம் அதன் துடிப்பே. முப்பது வருடம் உறங்கிய வைபிறேற்றரின் தொடுமுனைகளிற் களிம்பு பிடித்திருந்தது. அதை நுண்ணிய தாளால் துடைத்தார். மெழுகுத்தாள் கபாசிற்றர்கள் கசியும், மின்பகுபொருள் கபாசிற்றர்கள் காய்ந்துபோகும். அவற்றை மாற்றினார். மின்மாற்றிக்குக் குறுக்கேயுள்ள ஒரு கபாசிற்றரை மாற்றாமல் ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக்கூடாது என்றார். அது பழுதானால் வைபிறேற்றரும் மின்மாற்றியும் ஒன்றாய்ப் போகும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது கார் விளக்குக் குமிழ் ஒன்றை இடையிலே தொடுத்தார். உள்ளே எங்காவது குறுக்கோட்டம் இருந்தால் குமிழ் பிரகாசித்துக் காட்டிக்கொடுக்கும், பெட்டி தப்பும். கரப்பான் அரித்த ஒலிபெருக்கிக் கூம்பை மெல்லிய தாள் ஒட்டி மூடினார். முள்ளை இழுக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. அதற்குப் பெறாமகன் துறைக்குப் போய்த் தங்கூசி வாங்கி வந்தான். எங்கள் தீவகத்து மீன்பிடி நூல் இங்கிலாந்து வானொலிக்குள் அளவாய்ப் பொருந்திற்று.

ஒன்றை அவர் எல்லாவற்றுக்கும் முன்னே செய்திருந்தார். பெட்டியின் முகத்தில் ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிலையத்துக்கு முன்கூட்டியே பொருத்திவைக்கலாம். பொத்தானை வெளியே இழுத்து, வேண்டிய நிலையத்தைத் திருகிப் பிடித்து, மீண்டும் உள்ளே அழுத்தினால் அந்த இடம் பதிந்துவிடும். இது மின்சார நினைவு அன்று, இரும்பின் நினைவு. பற்றறி இல்லாமல் எத்தனை வருடம் கிடந்தாலும் அழியாது. வேறெதிலும் கைவைக்குமுன், ஒவ்வொரு பொத்தானும் முள்ளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று ஒரு தாளிற் பென்சிலால் குறித்துக்கொண்டார். “இது வைச்சிருந்த ஆளின்ரை கையெழுத்து, தம்பி. அழிஞ்சால் பிறகு எழுதேலாது” என்றார்.

பின்னேரம் ஒன்றில் வேலணையில், காருக்குள் வைத்தே பெட்டியைப் போட்டோம். வால்வு சூடேற அரை நிமிடம் சென்றது. ரீங்காரம் எழுந்தது. முதலாம் பொத்தானை அழுத்தியதும் திருச்சி வந்தது. இரண்டு பொத்தான்களில் தூரத்துக் குரல்கள், அவற்றிலொன்று மலையாளம் போலிருந்தது. நான்காவதில் ஏதோ ஒரு பாட்டின் நிழல். ஐந்தாவதை அழுத்தினோம். வெறும் இரைச்சல். திருத்துநர் முள்ளைச் சற்றே இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. “இதிலை இப்ப ஒருத்தரும் இல்லை. நல்ல நிலையமாப் பார்த்து மாத்தி வைச்சு விடட்டே?” என்று கேட்டார்.

திண்ணையில் இருந்த பெரியம்மா எழுந்து வந்தார். வயது அப்போது எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. “அது கொழும்பு. சாவு அறிவித்தல் கேக்கிற பொத்தான். அதைத் தொடாதேங்கோ” என்றார். சற்று நேரங் கழித்து, எவரும் கேளாமலே சொன்னார்: “வள்ளமேறுற அண்டு நான் மிசினைக் கேட்டு அழுதனான். அந்த மனிசன் சொன்னது, சனம் சிதறப் போகுது, இனி ஆர் செத்தது ஆர் இருக்கிறது எண்டு இந்தப் பெட்டிதான் சொல்லும் எண்டு. கொண்டுவந்து ஒரு நாள் கூடப் போட்டுக் கேக்கக் கிடைக்கேல்லை.”

இருபத்தெட்டு வருடமாகப் பெரியப்பாமேல் இருந்த குற்றச்சாட்டுக்கு இது விடை. பாட்டுப் பைத்தியத்தாலோ பொருளாசையாலோ அவர் அதைச் சுமக்கவில்லை. சிதறுண்ட ஒரு சமூகத்துக்கு அதன் இறந்தவர்களின் பெயர்கள் வந்து சேரவேண்டும் என்று எண்ணியே சுமந்தார். அந்த வருடங்களில் பெயர் வாசிக்கப்படாமலே போனவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால், அந்த எண்ணம் எவ்வளவு நேரியது, எவ்வளவு பேதைமையானது என்பது விளங்கும். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராமம்’ என்ற தொகுப்பில் ஆளற்ற ஊர்களைப் பாடினார். ஆளற்ற ஊரில் காற்று இருந்தது. ஆளற்ற பொத்தானில் இரைச்சல் இருந்தது.

அசல் என்பது எது? இதுவே நான் கேட்க வந்த கேள்வி. தொழிற்சாலை நிலைதான் அசல் என்றால் ஐந்து பொத்தான்களையும் அழித்து வெறுமையாக்கவேண்டும். இன்னும் கறாராகப் பார்த்தால், பெட்டியையே எடுத்துவிட்டு மூடிய தகட்டைப் பூட்டவேண்டும். இன்றைய பயன்தான் முக்கியம் என்றால் புளூரூத் பூட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நாற்பது வருடம் அதைக் கையாண்டு விட்டுச்சென்ற நிலை ஒன்று இருக்கிறது. கலித்தொகையை 1887இற் பதிப்பித்த சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும், உ.வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளோடு போராடினார்கள். இழை அறுந்ததைக் கட்டினார்கள், எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். ஆனால் சிதைந்துபோன இடத்தில் தம் சொந்தச் செய்யுளை எழுதி நிரப்பி, இதுவும் பழம்பாடல் என்று தருவது நல்ல பதிப்பாசிரியரின் வேலையன்று. அவ்விடத்திற் புள்ளிகளை இடுவார். புள்ளியும் பாடத்தின் ஒரு பகுதி. அது இல்லாவிட்டால் அங்கே ஒன்று இருந்து போயிற்று என்பதே வாசகனுக்குத் தெரியாது.

கபாசிற்றரை மாற்றினோம், தங்கூசி கட்டினோம், கூம்புக்குத் தாள் ஒட்டினோம். அவை இழை கட்டிய வேலை. ஐந்தாம் பொத்தானை விட்டுவிட்டோம். பெறாமகனும் வற்புறுத்தவில்லை. கலியாண ஓட்டத்துக்குப் பாட்டு வேண்டுமே என்பதற்கு, ஆசனத்துக்குக் கீழே தனியாக ஓர் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டான். பழைய பெட்டியில் ஓர் ஆணியும் அதற்காக அடிக்கவில்லை.

பெரியம்மாவும் போய்விட்டார். கார் இன்றும் ஓடுகிறது. யாராவது சின்னப் பிள்ளைகள் ஏறி அந்தப் பொத்தானை அழுத்தி, இது ஏன் இரைகிறது என்று கேட்டால், பெறாமகன் இந்தக் கதையைச் சொல்கிறான். நான் சொல்வதைவிட நன்றாகவே சொல்கிறான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி கிடக்கக்கூடும். அதைத் திருத்துங்கள். ஆனால் திருத்துமுன், முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள்.